தென்கொரியா: கணக்கைச் சரிபார்ப்பது யார்?

தென்கொரியாவில் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் மீண்டும் தனி இலாகா வந்துவிட்டது. 2008-ம் ஆண்டு முதல் நிதி, வரி, திட்டம், பட்ஜெட் எல்லாம் ஒரே மந்திரியின் கையில் இருந்தன. இதைப் பிரிக்கும் சட்டம் 2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சியோல் பார்லிமெண்டில் நிறைவேறியது. 2026 ஜனவரி 2-ந் தேதி முதல் நிதி-பொருளாதார இலாகா வேறு, திட்டம்-பட்ஜெட் இலாகா வேறு. இரண்டாவது இலாகா பிரதமரின் பொறுப்பில் வருகிறது.

ஒரு இலாகா இரண்டாவதில் என்ன சேதி இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். பெயர்ப்பலகை மாறுவதை நாமும் நிறையப் பார்த்தவர்கள்தான். டெல்லியில் 1950-ம் ஆண்டு முதல் இருந்த திட்டக் கமிஷன் போய், 2015 ஜனவரி 1-ந் தேதி நிதி ஆயோக் வந்தது. (பெயரில் நிதி இருக்கிறதே தவிர, நிதி ஒதுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.) ஐந்தாண்டுத் திட்டங்கள் பன்னிரண்டோடு 2017-ல் முடிந்தன. அதே ஆண்டு ரெயில்வே பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டுக்குள் போய்விட்டது. பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், 'நம் லைனுக்கு என்ன?' என்று டி.வி. முன்னால் எங்கள் ஆபீசே கூடி நின்ற வழக்கமும் அதோடு நின்றது.

ஆனால் கொரியா சமாச்சாரம் வெறும் பெயர்ப்பலகை அல்ல. ஒரு ரெயில் பாதையோ விமான நிலையமோ வேண்டும் என்று கேட்பவர் ஒருவர். அது தேறுமா என்று கணக்குப் பார்ப்பவர் இன்னொருவர். இந்த இருவரையும் பிரித்து வைப்பதில் அந்த நாடு பெரிய பரீட்சை ஒன்று நடத்தியது. அந்தப் பரீட்சை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

ராணுவ ஆட்சி போட்ட அஸ்திவாரம்

1961 மே மாதம் ஜெனரல் பார்க் சுங் ஹீ ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்தார். ஜூலை மாதமே பொருளாதாரத் திட்ட வாரியத்தை ஏற்படுத்தினார். முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1962-ல் தொடங்கியது. அப்போது அந்த நாட்டில் தலைக்கு வருட வருமானம் நூறு டாலருக்கும் கீழே. (2024-ல் 36 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.)

நமது திட்டக் கமிஷனுக்கும் அவர்கள் வாரியத்துக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே திட்டம் தீட்டுவது ஒரு கட்டிடத்தில், பணப்பெட்டி வேறு கட்டிடத்தில். அங்கே பட்ஜெட் போடும் அதிகாரத்தை நிதி இலாகாவிடமிருந்து பிடுங்கி வாரியத்திடமே கொடுத்தார்கள். வாரியத்தின் மந்திரியைத் துணைப் பிரதமராகவும் ஆக்கினார்கள். திட்டப் புத்தகத்தில் எழுதியதற்குப் பணம் வந்தது. 1964-ல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977-ல் 1,000 கோடி டாலரை எட்டியது.

1971 மார்ச் மாதம் கொரிய வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. ஆங்கில எழுத்துக்களில் கே.டி.ஐ. என்பார்கள். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி அங்கேயே தங்க இருந்த கொரியர்களை, நல்ல சம்பளமும் வீட்டு வசதியும் தருவதாகச் சொல்லித் திரும்ப அழைத்து வந்தார்கள். முதல் தலைவர் கிம் மான் ஜே பதினொரு ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். 1980-ல் விலைவாசி ஓர் ஆண்டில் கிட்டத்தட்ட 29 சதவீதம் ஏறியபோது, கனரகத் தொழிலுக்குக் கடனை அள்ளிக் கொடுத்தது போதும் என்று சொன்னவர்களில் இந்த நிலையத்தாரும் உண்டு.

இதில் மறக்கக் கூடாத பக்கம் ஒன்று இருக்கிறது. அந்த நிலையம் திறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, 1970 நவம்பர் 13-ந் தேதி, சியோல் நகரின் பியோங்வா மார்க்கெட்டில் சுன் டே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி தம் உடலில் தீ வைத்துக்கொண்டு உயிர் விட்டார். 'இருக்கிற தொழிலாளர் சட்டத்தை அமல் செய்யுங்கள்' என்பதுதான் அவர் கேட்டது. திட்டப் புத்தகத்தில் ஏற்றுமதிக்கு இலக்கு இருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்களின் வேலை நேரத்துக்கு அதில் இடம் இல்லை. 'கொரியாவைப் பாருங்கள்' என்று நம் ஊர் மேடைகளில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

தேறாத ஒன்று

1987-ல் ஜனநாயகம் திரும்பியது. ஓட்டு வந்ததும், ஓட்டுக்காகத் திட்டங்களும் வந்தன. ஒவ்வொரு இலாகாவும் தன் திட்டத்துக்குத் தானே சாத்தியக்கூறு அறிக்கை தயாரித்தது. 1994 முதல் 1998 வரை இப்படி 33 பெரிய திட்டங்களை ஆராய்ந்தார்கள். தேறியவை 32. தேறாதது உல்லுங் தீவு விமான நிலையம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆபீசில் - எந்த ஊர் என்பது வேண்டாம் - கிளைப் பாதை ஒன்றின் சர்வே அறிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. கையெழுத்துப் பிரதியில் எல்லா எண்களும் மையில் இருந்தன. எதிர்காலப் பயணிகள், எதிர்காலச் சரக்கு என்ற அட்டவணை மட்டும் பென்சிலில் இருந்தது. 'ஏன் சார், இது மட்டும் பென்சில்?' என்று கேட்டேன். தலைமை குமாஸ்தா சிரித்தார். 'மேலே எவ்வளவு வேண்டும் என்று சொல்லட்டும் தம்பி, அப்புறம் மையில் எழுதலாம்' என்றார்.

கொரியாவிலும் பென்சில் அட்டவணைகள் இருந்திருக்கின்றன. சியோலிலிருந்து பூசானுக்கு அதிவேக ரெயில் பாதை வேலை 1992-ல் தொடங்கியது. முதலில் சொன்ன செலவு 5.8 லட்சம் கோடி வான். (வான் என்பது அவர்கள் நாணயம்.) 1998-ல் மறுபடி கணக்குப் போட்டால் 18 லட்சம் கோடி வானுக்கு மேல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் நாட்டின் டாலர் கையிருப்பு கரைந்து, சர்வதேச நிதி ஸ்தாபனத்திடம் கொரியா கையேந்தி நின்றது. பெண்கள் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றி நாட்டுக்குக் கொடுத்த காலம் அது. 'வருகிற திட்டத்தையெல்லாம் தேறியது என்று எழுதிய கை யாருடையது?' என்ற கேள்வியை அதற்குமேல் ஒத்திப்போட முடியவில்லை.

1999-ல் புது விதி வந்தது. மொத்தச் செலவு 5,000 கோடி வானும் அதற்கு மேலும் - நம் பணத்தில் ஏறத்தாழ 300 கோடி ரூபாய் - மத்திய சர்க்கார் பங்கு 3,000 கோடி வானும் அதற்கு மேலும் என்றால், அந்தத் திட்டத்தை முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும். யார்? கேட்கிற இலாகா அல்ல. பட்ஜெட் இலாகா உத்தரவு போடும், கே.டி.ஐ.யில் இதற்கென்றே உள்ள பிரிவு கணக்குப் பார்க்கும். ஒரு வான் செலவுக்கு ஒரு வான் பலனாவது உண்டா என்று பார்த்து, மற்ற அம்சங்களுக்கும் மார்க் போட்டு அறிக்கை தரும். விளைவு என்ன? முன்பு முப்பத்து மூன்றில் ஒன்று தேறவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒன்று தேறவில்லை.

ஊர்க்காரர் கேட்கும் நியாயம்

இதோடு கதை முடிந்திருந்தால் சுபம். ஆனால் கணக்குக்கும் ஒரு குறை உண்டு. கூட்டம் உள்ள இடத்தில்தான் பலன் அதிகமாக வரும். சியோலில் ஒரு சுரங்க ரெயில் போட்டால் முதல் நாளே நிரம்பும். தெற்கே மலைப்பக்கத்து ஊரில் போட்டால் பெட்டி காலியாக ஓடும். ஆகவே சியோல் திட்டம் தேறும், அந்த ஊர்த் திட்டம் தேறாது. ரெயில் இல்லாத ஊரில் ஆலை வராது; ஆலை இல்லாத ஊரைவிட்டு இளைஞர் போவார்; இளைஞர் போன ஊருக்குக் கணக்கு இன்னும் குறையும்.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சொந்த ஊரில் பிழைக்க வழியில்லாமல் மூட்டை கட்டி வந்துதானே இந்தப் பத்திரிகையை இங்கே வாங்கிப் படிக்கிறோம்!

தென்கொரியாவின் நிலப்பரப்பில் சியோல் வட்டாரம் 12 சதவீதம்கூட இல்லை. மக்கள் தொகையில் பாதிக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். பிறப்பு விகிதமோ உலகிலேயே மிகக் குறைவு. ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 2023-ல் 0.72, 2024-ல் 0.75. கிராமப் பள்ளிகள் பிள்ளைகள் இல்லாமல் மூடப்படுகின்றன. ஆலைக்கும் வயலுக்கும் ஆள் எடுக்க 2004 முதல் வெளிநாடுகளுடன் ஒப்பந்தம் செய்துவருகிறார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் உண்டு, இந்தியா இல்லை.

ஆபீசுகளைச் சியோலிலிருந்து கிளப்பினால் ஜனங்களும் போவார்கள் என்று ஒரு யோசனை நடந்தது. தலைநகரையே மாற்றும் சட்டத்தை 2004-ல் அரசியல் சட்டக் கோர்ட்டு செல்லாது என்றது. பிறகு நிர்வாக நகரம் என்ற பெயரில் செஜோங் பிறந்தது. 2012 முதல் இலாகாக்கள் அங்கே போயின, 2013-ல் கே.டி.ஐ.யும் போனது. ஆனால் பார்லிமெண்டு சியோலிலேயே இருக்கிறது. அதிகாரிகள் பைலைக் கட்டிக்கொண்டு ஓசோங் ஸ்டேஷனுக்கும் சியோலுக்கும் நடையாய் நடக்கிறார்கள். எப்போதும் வழியிலேயே இருக்கும் செக்ஷன் ஆபீசருக்கு 'ரோடு ஆபீசர்' என்று அங்கே கேலிப் பெயர் உண்டு. ரெயில்வேக்கு வருமானம்தான்!

விலக்கு

ஊர்க்காரர்களின் நியாயத்தை அரசியல்வாதிகள் விடுவார்களா? 2019 ஜனவரியில் மூன் ஜே இன் சர்க்கார் 23 திட்டங்களுக்கு முன்பரிசீலனையே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. மொத்தம் 24.1 லட்சம் கோடி வான். நம் பணத்தில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். மாகாணங்களுக்குச் சமநீதி என்பது சொன்ன காரணம்.

அதே ஆண்டு ஏப்ரலில் மார்க் போடும் முறையையும் மாற்றினார்கள். சியோல் வட்டாரத்துக்கு வெளியே உள்ள திட்டம் என்றால் பொருளாதாரப் பலனுக்கு 30 முதல் 45 மார்க். வட்டார சமநிலைக்கு 30 முதல் 40 மார்க். என் அபிப்பிராயத்தில் இந்த இரண்டாவது வழி நேர்மையானது. பின்தங்கிய ஊருக்கு மார்க் கூட்டிப் போடுவது வேறு. பரீட்சையே வேண்டாம் என்பது வேறு. மார்க் கூட்டினால் எவ்வளவு கூட்டினோம் என்று எல்லோரும் பார்க்கலாம். விலக்கில் அது தெரியாது.

விலக்கின் ருசி கண்டபின் நிற்கவில்லை. பூசானுக்கு அருகே கடோக் தீவில் புது விமான நிலையம் கட்டும் விவகாரத்தைப் பாருங்கள். 2016-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் மூன்று யோசனைகளை ஆராய்ந்து கடோக்குக்குக் கடைசி இடம் கொடுத்தது. 2021 பிப்ரவரியில், பரிசீலனையிலிருந்து விலக்கு அளிக்க வழி செய்யும் தனிச் சட்டத்தோடு அதே கடோக் மீண்டு வந்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் ஆதரித்தவர்கள் ஏராளம். அந்த ஏப்ரலில் பூசான் மேயர் இடைத்தேர்தல் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நிபுணர்களும் புனிதர்கள் அல்ல. 2022-ல் ஆட்சி மாறியதும், முந்திய ஆட்சியில் நியமனம் பெற்ற கே.டி.ஐ. தலைவர் ஹாங் ஜாங் பியோ பதவியில் நீடிக்கக் கூடாது என்று பிரதமரே பகிரங்கமாகப் பேசினார். ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார். அவர் அதற்கு முன் ஜனாதிபதி மாளிகையில் பொருளாதாரச் செயலாளராக இருந்தவர். ஆகவே குற்றம் ஒரு பக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் தலைவரை இப்படி வைக்கவும் எடுக்கவும் முடியும் என்றால், அவருக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் எந்தப் பேனாவை எடுப்பார்?

இன்னொரு வழியையும் கொரியர்கள் சோதித்தார்கள். பாதியில் நின்ற இரண்டு அணு உலைகளைக் கட்டுவதா விடுவதா என்ற தகராறில், 2017-ல் சாதாரண ஜனங்களில் 471 பேரைத் தேர்ந்தெடுத்து, இரு தரப்பு வாதங்களையும் கேட்க வைத்து, முடிவு சொல்லச் சொன்னார்கள். 59.5 சதவீதம் பேர் கட்டலாம் என்றார்கள். அணு உலை கூடாது என்று சொல்லி ஆட்சிக்கு வந்த மூன் சர்க்கார், தனக்குப் பிடிக்காத அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. டாக்டர் பட்டம் இல்லாதவர்களும் கணக்கைப் படித்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்பதற்கு இது சாட்சி. இந்த வழியை ரெயில், விமான நிலையத் தகராறுகளுக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்போது வந்திருக்கும் புது இலாகாவின் கையில்தான் பட்ஜெட் இருக்கிறது. வரி வசூலும் கடனும் வேறு இலாகாவில். கஜானாவில் எவ்வளவு இருக்கிறது என்ற கவலை இல்லாமல் செலவுத் திட்டம் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எல்லாம் ஒரே மந்திரியிடம் குவிந்து கிடந்ததைவிட இது மேல் என்பவர்களும் உண்டு. ஜனாதிபதி லீ ஜே மியுங் கட்சியின் வாதம் இரண்டாவது.

கிம்சியோன் நகரிலிருந்து தெற்கே கோஜே தீவு வரை சுமார் 170 கிலோமீட்டருக்கு ஒரு ரெயில் பாதை உத்தேசித்திருக்கிறார்கள். கோஜே பெரிய கப்பல் கட்டும் தளங்கள் உள்ள ஊர். ஆனாலும் தண்டவாளம் அந்தத் தீவுக்குப் போனதில்லை. 2017-ல் கே.டி.ஐ. கணக்கில் இந்தப் பாதை தேறவில்லை. 2019-ல் விலக்குப் பெற்ற 23 திட்டங்களில் இதுவும் ஒன்று. அன்று சொன்ன செலவு 4.7 லட்சம் கோடி வான். அதன் பிறகு மதிப்பீடு பல முறை ஏறிவிட்டது. இனி அது ஏறும்போதெல்லாம் பைல் போய் நிற்கப்போவது இந்தப் புது இலாகாவின் மேஜையில்தான்.