ஓசை உடல், பொருள் உயிர்

இசைக்கு மொழி வேண்டா, ஓசை இனித்தாற் போதும் என்பார் சிலர். உலகு கேட்க வேண்டுமாயின் ஆங்கிலத்திற் பாடுக என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக ஐசுலாந்து நாட்டுப் பாட்டொன்று விளங்குகின்றது.

அந்நாட்டுத் தலைநகராகிய இரேய்க்கியவிக்கில் 1994-ஆம் ஆண்டு தோன்றியது 'சிகுர் உரோசு' என்னும் இசைக்குழு. அக்குழு 2005-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'தக்கு'. நன்றி என்பது அதன் பொருள். அதில் இடம்பெற்ற பாட்டே 'ஒப்பிப்பொட்லா'. நீர்க்குட்டைகளிற் குதித்தலைக் குறிக்கும் மூன்று சொற்கள் புணர்ந்து ஒரு சொல்லாய் நிற்கும் தலைப்பு அது.

எழுத்துப்படி படிப்பார்க்கு அதன் ஈறு 'பொல்லா' என்றே தோன்றும். ஐசுலாந்தியர் நாவிலோ அவ்விரட்டை லகரம் 'ட்ல' என ஒலிக்கும். இரட்டைப் பகரத்தின்முன் ஆய்தம் போன்றதொரு மூச்சொலி இழையும். பியானோவின் சிறு பண் மீண்டும் மீண்டும் வர, நரம்புக் கருவிகள் படிப்படியாய் எழ, யோன்சி என்னும் பாடகரின் மெல்லிய உச்சக்குரல் அவற்றின்மேல் மிதக்கின்றது. அவ்வோசைக்கு வடிவு தந்தது அம்மொழியின் ஒலிப்பே. ஆங்கிலத்திற்கு மாற்றின் அவ்வடிவு சிதையும்.

பொருளோ அதனினும் சிறந்தது. கைகோத்துச் சுழல்வதும், காலிற் புதையணியின்றிக் குட்டையிற் குதித்து முழுதும் நனைவதும், மூக்கிற் குருதி வடிந்தும் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பதுமே பாட்டின் செய்தி. அதற்கென எடுத்த படக்காட்சியில் இக்குறும்புகளைச் செய்வோர் சிறுவரல்லர், நரைத்த முதியோர்!

'பொருளறியாமலே அயல்நாட்டார் சுவைத்தனரே, 2006-இல் பி.பி.சி. தொலைக்காட்சி தன் பிளானட் எர்த் தொடரின் முன்னோட்டத்திற்கு இப்பாட்டையே எடுத்ததே' எனின், அது மெய்யே. அக்குழுவே 2002-இல் பொருளற்ற ஒலிகளால் மட்டும் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. எட்டுப் பாட்டுகளுள் ஒன்றற்கும் பெயரில்லை. உடன்வந்த ஏட்டிற் கேட்போரே எழுதிக்கொள்ள வெற்றுத்தாள்கள் இருந்தன. அவ்வெற்றிடத்தில் அவர்கள் எதனை எழுதுவர்? பொருளையன்றோ! ஓசை தன் குறையைத் தானே ஒப்பிய இடம் அது.

2005-இல் ஐசுலாந்து மக்கள் ஏறத்தாழ மூன்று நூறாயிரவரே. தொலைபேசிக்கும் அயற்சொல்லை ஏலாது, இழையைக் குறித்த 'சீமி' என்னும் பழஞ்சொல்லை மீட்டு வழங்குவோர் அவர். ஆங்கிலத்திற் பாடி உலகப் புகழ் எய்திய பியோர்க்கும் அந்நாட்டாரே. எனினும் அஃதொன்றே வழி என்னும் எண்ணத்தை இப்பாட்டு பொய்யாக்கிற்று.

எம்மொழி சிறுமொழி, யார் கேட்பார் என நாணுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. தாய்மொழியிற் பாடத் துணியும் வாய் உள்ளவரை, அடிபட்ட மொழியும் எழுந்து நிற்கும்.