மாமியார் உடைத்தால் மண்குடமா?

நம் சங்கத்தில் நாலு பேர் கூடினால் பி.பி.சி.யைப் பற்றி இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. "அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்பது ஒன்று. "நம் நாட்டைக் கண்டாலே அவனுக்கு ஆகாது" என்பது மற்றொன்று. இரண்டுமே விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு என்பது என் கருத்து.

முதல் கட்சி பேசுவதிலும் நியாயம் உண்டு. சிற்றலையில் தமிழோசை கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி மறைந்த செய்தியை பி.பி.சி. பகலிலேயே சொல்லிவிட்டது. அகில இந்திய வானொலி மாலையில்தான் சொன்னது.

ஆனால் டிரம்ப் விஷயத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் அவர் ஆற்றிய உரையை, 2024 அக்டோபரில், அமெரிக்கத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், பி.பி.சி.யின் 'பனோரமா' காட்டியது. நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போவோம் என்ற பேச்சையும், கடுமையாகப் போராடுவோம் என்ற பேச்சையும் ஒரே மூச்சில் சொன்னதுபோல் ஒட்டியிருந்தார்கள். உண்மையில் இரண்டுக்கும் நடுவே 50 நிமிடத்துக்கு மேல் இடைவெளி. அமைதியாகக் குரல் கொடுங்கள் என்று அவர் சொன்னது விடுபட்டுப்போனது.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். விபத்து விசாரணையில் டேட்டா லாகர் பதிவை நிமிடம், விநாடி வாரியாகப் பார்ப்போம். நடுவில் உள்ள வரிகளை எடுத்துவிட்டு இரண்டு பதிவுகளை ஒட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பதிவும் உண்மைதான். அறிக்கை மட்டும் பொய். தவறு செய்யாத டிரைவருக்கு வேலை போய்விடும். அந்த டிரைவர் நல்லவரா, முரடரா என்பது வேறு கேள்வி.

2025 நவம்பரில் விஷயம் பெரிதானதும் பி.பி.சி. மன்னிப்புக் கேட்டது. தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் பதவி விலகினார்கள். நம் தொலைக்காட்சிகளில் இப்படி ஒரு ராஜினாமாவை நான் பார்த்ததில்லை. குறை சொல்லும்போது இதையும் சொல்வதுதானே முறை?

இனி இரண்டாம் கட்சி. 2023 ஜனவரியில் பிரதமர் மோடியையும் 2002 குஜராத் கலவரத்தையும் பற்றிய பி.பி.சி. ஆவணப்படம் வந்தது. மத்திய அரசு சமூக ஊடகங்களில் அதன் இணைப்புகளை முடக்கியது. படத்தைப் பார்க்காமலேயே "பாரபட்சம்" என்று முழங்கியவர்களை நான் அறிவேன். அதே படத்தைக் கொண்டாடிவிட்டு, டிரம்ப் உரையை வெட்டி ஒட்டியதை "சின்ன விஷயம்" என்று தள்ளியவர்களையும் அறிவேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

ஒரு தலைவரைக் குறை கூறுவது பாரபட்சம் ஆகாது. ஆளுக்கொரு அளவுகோல் வைப்பதுதான் பாரபட்சம். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் பல மொழிச் செய்திகளைக் கேட்கிறார்கள். எந்தச் சேனலை நம்புவது என்று அவர்கள் கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடிக்காதீர்கள். தலைவரின் முழுப் பேச்சையும் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். "எனக்குப் பிடித்தவரின் பேச்சை இப்படி வெட்டினால் ஒப்புக்கொள்வேனா?" என்று தன்னையே கேட்கப் பழக்குங்கள். அதைப் பெரியவர்கள் நாம் முதலில் பழகினால், சங்கக் கூட்டத்தில் இரண்டு கட்சி இருந்தாலும் கெடுதல் இல்லை.