ஒன்றுமில்லாத வீட்டுக்கும் பூட்டு வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை)



"உன் லேப்டாப்ல அப்படி என்னடா பெரிய ரகசியம் இருக்கு? எவன் வந்து திருடப் போறான்?"

ஓபன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால், நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. பாதுகாப்பு என்றால் அது பேங்குக்கும் ராணுவத்துக்கும் பெரிய கம்பெனிகளுக்கும்தான், நமக்கெதற்கு என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

நான் சொல்கிறேன், நமக்குத்தான் அது முதலில் வேண்டும்! பணக்காரர் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் போனால் அவருக்கு அன்று தூக்கம் போகும், அவ்வளவுதான். நம் கணக்கில் வந்த ஸ்காலர்ஷிப் பணம் போனால் ஒரு செமஸ்டரே போகும்.

என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா களை எடுக்கப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என் பழைய லேப்டாப்பில் என்ன இருக்கிறது? எங்கள் நாலு பேரின் ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அம்மாவின் பாஸ்புக் முதல் பக்கம். அதோடு எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் போட்டுக் கொடுத்த விண்ணப்பங்கள். "படிக்கிற புள்ள, அவன்கிட்ட குடு" என்று நம்பிக் கொண்டுவந்து தருகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எல்லோர் கையிலும் இப்படி ஊரார் காகிதங்கள் இருக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு ஒரு பூட்டு வேண்டாமா? சிந்தித்துப் பாருங்கள்!

இது என்ன புதுசா?

புதுசே இல்லை. நம்மைவிட வயதில் மூத்தது! 1995 அக்டோபரில் தியோ டி ராட் என்பவர், நெட்பிஎஸ்டி என்ற குழுவிலிருந்து பிரிந்து இதைத் தொடங்கினார். கனடா நாட்டின் கால்கரி நகரம்தான் இதன் வீடு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸின் வாரிசு இது. விலை கிடையாது. சோர்ஸ் கோட் முழுவதும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம்.

1996 முதல் இந்தக் குழுவினர் ஒரு வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறார்கள். பழைய கோடை வரிவரியாகப் படித்துத் தவறு தேடுகிறார்கள். ஒரு இடத்தில் ஒரு தவறு கிடைத்தால், அதைத் திருத்திவிட்டு எழுந்து போவதில்லை. அதே மாதிரித் தவறு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று மொத்த சிஸ்டத்தையும் சலிக்கிறார்கள். அரிசியில் ஒரு கல் தென்பட்டால் படி முழுவதையும் முறத்தில் கொட்டிப் புடைக்கிற நம் அம்மாக்கள் மாதிரி! ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு தவறாமல் வருகிறது.

"நாங்க இதைத் தொட்டதே இல்லையே" என்கிறீர்களா? தொட்டிருக்கிறீர்கள்! தூரத்தில் உள்ள சர்வரில் நுழைய உலகமே பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்ஹெச் 1999-ல் இவர்கள் வெளியிட்டதுதான். லினக்ஸிலும் ஆப்பிளிலும் விண்டோஸிலும் இன்று அது இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் சி நூலகத்திலும் இவர்கள் எழுதிய கோட் இருக்கிறது. இத்தனை பேர் பயன்படுத்துகிற பொருளைச் செய்கிறவர்கள், சர்வர்களுக்கு ஆகிற வருஷத்துக்கு 20,000 டாலர் கரண்ட் பில் கட்ட வழியில்லை என்று 2014 ஜனவரியில் உலகத்திடம் கைநீட்ட வேண்டியிருந்தது. நல்லவேளை, நன்கொடை வந்து சேர்ந்தது. உழைப்பவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் இன்னொருவன் என்பது கம்ப்யூட்டர் உலகத்திலும் உண்டு தோழர்களே!

கேட்டால்தான் திறக்கும்

பாதுகாப்பு என்றதும் ஏதோ ஆன்டிவைரஸ் என்று நினைக்க வேண்டாம். இங்கே விஷயமே வேறு. எல்லாக் கதவும் முதலில் மூடியே இருக்கும். வேண்டுமென்றால் நாம்தான் திறக்க வேண்டும்.

மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓபன்பிஎஸ்டியில் எந்த புரோகிராம் மைக்கைக் கேட்டாலும் கிடைப்பது வெறும் மௌனம். கேமராவைக் கேட்டால் வெறும் இருட்டு. ஆன்லைன் வகுப்பு வந்தால் நாமே ரூட் பாஸ்வேர்டு போட்டு அனுமதிக்க வேண்டும். முடிந்ததும் மூடிவிடலாம். "இதென்னடா தொல்லை" என்று தோன்றும். வீட்டுக் கதவைத் தினமும் பூட்டுவதும் தொல்லைதான், பூட்டாமல் இருக்கிறோமா?

அடுத்தது 'பிளெட்ஜ்'. இது 2016-ல் வந்த 5.9 பதிப்பில் முழு வடிவம் பெற்றது. எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு உடனே புரியும்படி சொல்கிறேன். இது ஒரு ஃபியூஸ்! ஒரு புரோகிராம் ஆரம்பிக்கும்போதே, "நான் ஃபைல் படிப்பேன், திரையில் எழுதுவேன், வேறு எதுவும் செய்ய மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்கிறது. பிறகு எவனோ ஒருவன் அதற்குள் புகுந்து, நெட்வொர்க்கைத் திறக்கப் பார்த்தான் என்று வையுங்கள். கெர்னல் அந்த இடத்திலேயே புரோகிராமைக் கொன்றுவிடும். ஃபியூஸ் போகும், வீடு தப்பிக்கும்.

2018-ல் வந்த 6.4 பதிப்பு இதோடு 'அன்வெயில்' என்பதையும் சேர்த்தது. ஒரு புரோகிராம் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று வரையறுப்பது இது. ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமும் இங்கே நம் ஃபைல்களில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும்தான் பார்க்க முடியும். ஸ்காலர்ஷிப் தளத்தில் வருமானச் சான்றிதழ் ஏற்ற வேண்டுமா? முதலில் நான் அதை டவுன்லோட்ஸுக்கு நகல் எடுக்க வேண்டும். ஏற்றியதும் நகலை அழித்துவிடுவேன். ஏதோ ஒரு கெட்ட வெப்சைட் பிரவுசரை ஏமாற்றினாலும், அம்மாவின் பாஸ்புக் இருக்கிற ஃபோல்டர் அதன் கண்ணுக்கே படாது.

லேப்டாப்பையே பஸ்ஸில் யாராவது தூக்கிக்கொண்டு போனால்? 2023-ல் வந்த 7.3 பதிப்பிலிருந்து, டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டால் பூட்டலாமா என்று இன்ஸ்டாலரே கேட்கிறது. போனது பொருள் மட்டும்தான், ஊரார் காகிதம் போகாது.

கண்டிப்பான வாத்தியார்

நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. லேபில் நாம் எழுதுகிற சி புரோகிராம்களில் ஸ்ட்ரிங் காப்பி ஃபங்ஷன் சர்வ சாதாரணம். எதிரே இருக்கும் இடம் எவ்வளவு என்று அது பார்ப்பதே இல்லை. ஐந்து லிட்டர் குடத்தில் பத்து லிட்டரை ஊற்றினால் மீதி எங்கே போகும்? பக்கத்து மெமரியில் கொட்டும். அந்த வழியாகத்தான் எத்தனையோ வருடங்களாகத் திருடர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். அதே புரோகிராமை ஓபன்பிஎஸ்டியில் கம்பைல் செய்தால் வேலை நடக்கும், ஆனால் எச்சரிக்கை ஒன்று வரும்: இந்த ஃபங்ஷன் பெரும்பாலும் தவறாகவே பயன்படுத்தப்படுகிறது, அளவு பார்க்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள் என்று! அந்த மாற்று ஃபங்ஷனை 1998-லேயே இவர்கள் எழுதிவிட்டார்கள். லினக்ஸின் சி நூலகமான க்ளிப்சி அதைச் சேர்த்துக்கொண்டது 2023-ல்தான். இருபத்தைந்து வருஷம்! நல்ல விஷயம் ஜெயிக்க நேரமாகும் போலிருக்கிறது.

மேனுவலைப் பற்றியும் சொல்ல வேண்டும. மேனுவலில் பிழை இருந்தால் அதையும் புரோகிராமில் உள்ள பிழை மாதிரியே மதித்துத் திருத்துகிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் நான். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். எல்லாப் பக்கமும் ஒரே அமைப்பில் இருப்பதால், பத்துப் பக்கம் படித்தவனுக்குப் பதினோராவது பக்கம் பயம் தராது. மேனுவலைப் பார்த்து நாமே செய்கிறபோது வருகிற தைரியம் இருக்கிறதே, அதை எந்தக் கோச்சிங் சென்டரிலும் விலைக்கு வாங்க முடியாது!

கஷ்டமே இல்லையா?

இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

புளூடூத் கிடையாது. சரியாக வேலை செய்யவில்லை என்று 2014-ல் எடுத்தே விட்டார்கள். என்விடியா கார்டின் முழு வேகம் கிடைக்காது. பணம் கட்டிப் படம் பார்க்கிற தளங்கள் பலவும் ஓடாது. விண்டோஸ் புரோகிராமை ஓட்டும் ஒயின் என்ற வசதியும் இல்லை. ஆகவே ஆட்டோகேடு வேண்டிய சிவில், மெக்கானிகல் நண்பர்கள் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஒரே மெஷினில் லினக்ஸைவிட வேகமும் கொஞ்சம் குறைவுதான்.

நம் ஊருக்கென்றே ஒரு கஷ்டமும் உண்டு. திடீரென்று கரண்ட் போய் மெஷின் நின்றால், அடுத்த முறை ஆன் செய்யும்போது டிஸ்க் முழுவதையும் சோதித்த பிறகுதான் உள்ளே விடும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் பொறுமை வேண்டும். தமிழ் விஷயத்தில் பாதி சந்தோஷம். தமிழ்99 கீபோர்டு உண்டு, ஃபான்ட் போட்டால் பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் எழுத்து அழகாக வரும். கமாண்ட் அடிக்கிற டெர்மினலில் மட்டும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து நிற்கும்.

மற்றபடி என் அன்றாட வேலை எல்லாமே நடக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்டால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. என் போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டினால் நெட் வருகிறது. புதிய பதிப்புக்கு மாற ஒரே ஒரு கமாண்ட் போதும்.

"லினக்ஸ் போதாதா?" என்று கேட்பார்கள். லினக்ஸ் நல்லதுதான், நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் கெர்னல் ஒரு குழு, சி நூலகம் ஒரு குழு, சேர்த்துக் கொடுப்பவர் இன்னொரு குழு. இங்கே கெர்னலும் கமாண்டுகளும் மேனுவலும் ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. 2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தபோது லினக்ஸ் சர்வர்கள் பதறின. ஓபன்பிஎஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், 2001-லேயே அவர்கள் செய்து வைத்த ஒரு முன்னேற்பாடு!

அதற்காக இது தெய்வம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் இவர்களுடைய மெயில் சர்வரிலேயே பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதோடு, போனில் ஒருவன் "பேங்க்ல இருந்து பேசறேன்" என்றதும் நாமே ஓடிபியைச் சொல்லிவிட்டால் எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் காப்பாற்றாது. ஆனாலும், கேட்டவனுக்கெல்லாம் கதவைத் திறக்காத ஒரு மெஷினோடு தினமும் பழகினால், "இது உனக்கு எதுக்கு?" என்று கேட்கிற புத்தி நமக்கும் வந்துவிடும். அந்தப் புத்தியை நம் அப்பா அம்மாவுக்கும் தெருவுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். படித்தவன் கடமை அதுதானே!

நம் பேரவைக்கு ஒரு கோரிக்கை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படி ஓரம்கட்டப்பட்ட மெஷின்களைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன், ஒன்றே ஒன்றை நம் லேபில் ஓபன்பிஎஸ்டிக்கு ஒதுக்கித் தரும்படி மாணவர் பேரவை துறைத் தலைவரிடம் கேட்க வேண்டும். சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம், முதலாம் ஆண்டு மாணவர்களோடு உட்கார்ந்து இன்ஸ்டால் செய்வோம். மேனுவலில் வாரம் ஒரு பக்கம் படிப்போம். படித்ததைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். செலவு? ஒரு பென்டிரைவ்!

கம்ப்யூட்டரை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது தோழர்களே. அது யார் பேச்சைக் கேட்கிறது என்றும் தெரிய வேண்டும். நம் பேச்சை மட்டும் கேட்கிற மெஷினை நாமே அமைப்போம்! வாருங்கள்!