கேபினும் கேரவனும்

கொல்கத்தாத் தமிழர் பற்றிய எழுத்து பெரும்பாலும் லேக் மார்க்கெட்டில் தொடங்கி லேக் மார்க்கெட்டிலேயே முடிந்துவிடுகிறது. ராஷ்பிகாரி அவென்யூவின் தென்னிந்திய உணவகங்கள், சந்தையில் கிடைக்கும் வாழையிலையும் காப்பித்தூளும், அலுவலகப் பணிக்கு வந்து தலைமுறைகளாக வேரூன்றிவிட்ட குடும்பங்கள், அவர்களின் சங்கங்கள், பள்ளிகள் ஆகியவை ஆய்வுக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ஓட்டிவந்து, நகருக்குள் நுழைவதற்கான நேரக் கட்டுப்பாடு தளரும்வரை புறநகரில் காத்திருக்கும் தமிழக லாரி ஓட்டுநர் அந்த எழுத்தில் இல்லை. அவருக்கு நகரில் முகவரி இல்லை. அவர் உறங்குவதும் உண்பதும் வண்டியில்தான். முகவரி இல்லாதவரைப் புலம்பெயர்வு ஆய்வு கணக்கில் எடுப்பதில்லை.

இந்த விடுபடலை இப்போது பேசக் காரணம் உண்டு. பிக்கப் வண்டியின் தட்டையான தளத்தில் சிறு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஊர்சுற்றும் வழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவி, இந்திய நடுத்தர வர்க்கத்தின் கனவுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. சக்கரத்தின் மேல் வாழ்வது விருப்பமாக இருக்கும்போது அதற்குக் கொள்கையும் தரநிர்ணயமும் கிடைக்கின்றன. அதுவே பிழைப்பாக இருக்கும்போது என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். 'கேரவன்' பாரசீக மூலமுடைய சொல். கூட்டமாகப் பயணம் செய்யும் வணிகரைக் குறித்த அது, ஆங்கிலத்தில் மூடிய வண்டியையும் பின்னர் வண்டிவீட்டையும் குறிக்கலாயிற்று. அதன் குறுக்கமே 'வேன்'. இன்றைய தமிழிலோ 'கேரவன்' என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகருக்கென நிற்கும் குளிரூட்டப்பட்ட அறையே நினைவுக்கு வருகிறது. பழைய பொருளுக்குத் தமிழில் 'சாத்து' இருந்தது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வணிகரின் வண்டிகள் கூரை வேயப்பட்டவை. அவற்றில் காடிக் கலம் தொங்குகிறது. குழந்தையுடன் இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். பொருள் ஏற்றும் வண்டியே குடியிருப்பாகவும் இருந்த நிலை அது. ஆங்கிலத்தில் 'கேபின்' என்பதன் முதற்பொருள் குடிசை. லாரியின் முன்பகுதிக்கு அப்பெயர் பொருந்தியது தற்செயலாக இருக்கலாம். அங்கே நடக்கும் வாழ்க்கை தற்செயல் அன்று.

அடுத்தது வரையறை. இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகிய நான்கும் இருந்தால் ஒரு வாகனத்தை மோட்டார் கேரவன் என்று வாகனத் தர ஆவணங்கள் கொள்கின்றன. இந்தியாவில் இதற்கென ஏ.ஐ.எஸ். 124 என்னும் தரநிர்ணயம் உண்டு. மேசை ஒன்றை விட்டுவிட்டால், நெடுந்தூர லாரியில் மற்றவை அனைத்தும் நடைமுறையில் இருக்கின்றன. இருக்கைக்குப் பின்னுள்ள பலகை படுக்கையாகிறது. பக்கவாட்டுப் பெட்டியில் அடுப்பும் அரிசியும் பாத்திரமும் பயணம் செய்கின்றன. தண்ணீர்க் கலன் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இருந்தும் சட்டத்தின் கண்ணில் அது சரக்கு வாகனம் மட்டுமே.

வண்டியின் மேல் வாழிடம் கட்டுவது எளிய வேலை அன்று. பிக்கப் ஒன்றின் சுமைத்திறன் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றே முக்கால் டன் வரைதான். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. மின்கலம், படுக்கை, அடுப்பு, சுவர், கூரை எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். பாரம் உயரத்தில் சேர்ந்தால் வளைவில் வண்டி சாயும். மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். பெட்டியை அதனோடு நெகிழ்வின்றி இறுக்கினால் மூலைகள் விரிசல் விடும். அதனால்தான் மூன்று அல்லது நான்கு தாங்குபுள்ளிகளில் அசைந்து கொடுக்குமாறு பெட்டியைப் பொருத்துகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே காற்றுப்போக்கித் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் அடுப்பெரித்துவிட்டு உறங்குவது கார்பன் மோனாக்சைடால் உயிரைப் பறிக்கலாம். பொழுதுபோக்காகக் கட்டுவோர் இவற்றை நூல்களிலும் காணொளிகளிலும் கற்கின்றனர்.

சேசிஸின் முறுக்கலையும் பாரத்தின் நிலையையும் கையாளும் அறிவு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பகுதிகளில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ளது. வெறும் சேசிஸாக வரும் வண்டிக்குப் பலகையும் இரும்பும் கொண்டு உடல் அமைப்பது அங்கே ஒரு தொழில். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியவை. துளையிடும் வண்டியோடு குழாய்களையும் கம்பிகளையும் சுமந்து ஒரு துணை லாரி செல்லும். மாதக்கணக்கில் ஊர் ஊராக நகரும் தொழிலாளர் குழுவுக்கு அந்த வண்டிகளே சமையலறை, பொருளறை, படுக்கை. தமிழ்நாட்டில் 'டிரக் கேம்பர்' எங்கே உள்ளது என்று கேட்பவருக்குரிய நேர்மையான விடை திருச்செங்கோட்டு ரிக் லாரிதான்.

இந்த அறிவுக்கும் வாழ்வுக்கும் சட்டம் என்ன செய்திருக்கிறது? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஓட்டுநர்கள் இரவு தங்க நேரும் இடங்களில் நிறுவனம் ஓய்வறை அமைக்க வேண்டும் என்றது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஓரிரு லாரிகள் வைத்திருக்கும் சிறு உரிமையாளரிடம் வேலை செய்பவர் அதன் எல்லைக்கு வெளியே நின்றார். 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள சரக்கு வாகனங்களில் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கே அது பொருந்தும். இது வரவேற்கத்தக்கது. எனினும், வழக்கமான குளிர்சாதனம் எஞ்சின் ஓடும்போது இயங்குவது. ஓட்டுநரின் உழைப்புக்கு அது உதவுகிறது. வண்டியை நிறுத்தி உறங்கும் இரவுக்கு உதவுவதில்லை. பழைய வண்டிகளைத் திருத்தவும் எளிதில் வழியில்லை. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. பாதுகாப்பு நோக்கில் அத்தீர்ப்பு நியாயமானதே. ஆனால் பட்டறையின் அனுபவ அறிவைச் சோதித்து அங்கீகரிக்கும் எளிய வழியை அரசு கூடவே வகுக்காவிட்டால், கேபினைச் சீர்செய்யும் நல்ல முயற்சியும் குற்றத்தின் பக்கம் தள்ளப்படும்.

பிற நாடுகள் இக்கேள்வியை நேராகவே எதிர்கொண்டுள்ளன. அமெரிக்க விதிகள் லாரியின் படுக்கைக்கு 75 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் குறைந்தபட்ச அளவாக வைத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியமோ 45 மணி நேர வாராந்தர ஓய்வைக் கேபினில் கழிக்கவே கூடாது என்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் அதைத் தெளிவுபடுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு முரண் தோன்றலாம். கேபினை வீடாக அங்கீகரித்தால், ஓய்வறை தரும் பொறுப்பிலிருந்து முதலாளியும் அரசும் நழுவிவிட மாட்டார்களா? இந்த எதிர்வாதம் வலுவானது. ஆயினும் அங்கீகரிக்காமல் இருந்த காலத்திலும் ஓய்வறைகள் போதிய அளவில் எழவில்லை. அன்றாட உறக்கத்துக்குக் கேபினில் குறைந்தபட்ச அளவும் காற்றோட்டமும், நீண்ட ஓய்வுக்குக் கேபினுக்கு வெளியே அறையும் என்று இரண்டையும் ஒருசேரக் கோரலாம். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

ஆய்வுலகம் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. பாடி கட்டும் பட்டறையின் சொற்களஞ்சியத்தைத் தொகுப்பது மொழியியலாளரின் பணி. அச்சொற்கள் வழியாகத்தான் அந்த அறிவு தரநிர்ணய ஆவணங்களுக்குள் நுழைய முடியும். வண்டியில் வாழ்வோரைத் தனி வகையாகக் கணக்கிடுவது சமூகவியலாளரின் பணி. லேக் மார்க்கெட்டை மையமாகக் கொண்ட கொல்கத்தாத் தமிழர் வரலாறு, நகரின் விளிம்பில் லாரிக்குள் உறங்கும் தமிழரையும் சேர்த்துக்கொள்ளும்போதுதான் முழுமை பெறும். கேரவனுக்குத் தரம் வகுக்கத் தெரிந்த அரசுக்குக் கேபினுக்கும் வகுக்கத் தெரியும். அதைக் கேட்பதற்கான தரவைத் திரட்டித் தருவது பல்கலைக்கழகங்களின் கடமை.