கோழிக் கூட்டில் இராத்திருடன்

பழவேற்காட்டு ஏரியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் யாவரும் பூநாரையைப் பற்றியே எழுதுகிறார்கள். மழைக்காலம் கழிந்ததும் ஆழமற்ற உப்பு நீரில் வந்து நிற்கும் அந்த நெடுங்கால் பறவைகளின் அழகு எழுதத் தக்கதுதான். ஆனால், பூநாரை முட்டையிட்டு, ஏரிக்கரைக் குப்பத்தில் எந்தக் குழந்தைக்கும் நோட்டுப் புஸ்தகம் வாங்கிக் கொடுத்ததில்லை. அந்தக் கைங்கரியத்தைச் செய்வது நம் கொல்லைப்புறத்துக் கோழி. ஆகையால் பூநாரை அபிமானிகள் இந்த வாரம் என்னைப் பொறுத்தருள வேண்டும். கோழியைப் பற்றி, அதிலும் கோழியைப் பிடிக்கும் செள்ளைப் பற்றி எழுதப் போகிறேன்.

இந்த ஏரியில் மீன் பிடிப்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன நீர்ப்பரப்பில் இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று ஊரார் கூடி வகுத்துக் கொண்ட பழைய ஏற்பாடு அது. பாடு வராத நாளிலும், பாடு வந்தும் வலை வெறுமையாக எழும் நாளிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா? அப்பொழுது கை கொடுப்பது முட்டை விற்ற காசு. அது வீட்டு அம்மாளின் சொந்தக் காசு. அதற்குக் கணக்குக் கேட்கும் தைரியம் எந்த ஆண்பிள்ளைக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சென்ற கோடையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்குப் போடுவதை விட்டு ஓயாமல் கையைச் சொறிந்து கொண்டிருந்தாள். கை முழுவதும் சிவந்த தடிப்பு. "என்ன பாப்பா இது?" என்றேன். "கோழிச்செள்ளு ஸார். எங்கள் வீட்டில் எல்லாரையும் கடிக்கிறது" என்றாள். அன்று மாலையே அவள் தாயாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து விட்டாள்.

"பதினொரு முட்டை வைத்து அடைக்கு உட்கார வைத்தேன், ஐயா. பன்னிரண்டாம் நாள் கோழி எழுந்து போய்விட்டது. பிடித்துக் கொண்டு வந்து வைத்தாலும் உட்கார மாட்டேன் என்கிறது. எவர் கண் பட்டதோ!" என்றாள்.

கோழி முட்டை பொரிய இருபத்தொரு நாள் வேண்டும். பன்னிரண்டாம் நாள் அடை கலைந்தால் பதினொரு முட்டையும் பாழ்.

நான் பட்டம் பெற்றவன், உபாத்தியாயன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் ஜாதிக்கு வழக்கமில்லை. பயிருக்குத் தூவும் பூச்சி மருந்துப் பொடியைக் கடையில் வாங்கிக் கோழியின் இறகுக்குள் நன்றாகத் தேய்க்கும்படி சொன்னேன். அந்த அம்மாள் அப்படியே செய்தாள். மறுநாள் கோழி சிறகைத் தொங்கப் போட்டது. அதற்கு மறுநாள் செத்தது. செள் மட்டும் சௌக்கியமாக இருந்தது. "போகிறது, ஐயா. நல்லதுக்குத்தானே சொன்னீர்கள்" என்றாள் அவள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திராது.

வெட்கத்தோடு கால்நடை வைத்தியரிடம் போனேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்: "இராத்திரியில் கூட்டைப் பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. அன்று இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு போனேன்.

பழைய படகுப் பலகையும் சவுக்குக் கழியும் கொண்டு கட்டி, மேலே பனையோலை வேய்ந்த கூடு. கோழிகள் உட்காரும் கழி பலகையோடு சேரும் இடத்தில், உப்பும் மிளகுத் தூளும் கலந்து கொட்டினாற்போல் சாம்பல் நிறப் பொடி கிடந்தது. உற்றுப் பார்த்தேன், அந்தப் பொடி நடந்தது! சில சாம்பல் நிறம். சில செக்கச் செவேல் என்றிருந்தன. விரலால் ஒன்றை நசுக்கினேன். இரத்தம். "இது என் கோழியின் இரத்தமா, ஐயா?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

ஆம், அதுதான். செள் என்றும் கோழிப்பேன் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், இது பேன் அல்ல. பேனுக்கு ஆறு கால். வளர்ந்த செள்ளுக்கு எட்டுக் கால். சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. நீளம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். 1778-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் தேசத்து டி கீர் என்ற சாஸ்திரி இதை விவரித்து எழுதியிருக்கிறார். இதன் குணத்தில் முக்கியமானது ஒன்று: பகலில் இது கோழியின் மேல் இருப்பதில்லை. பலகை இடுக்கிலும், முடிச்சிலும், ஓலை மடிப்பிலும் பதுங்கியிருந்து, இருட்டினதும் கோழியின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் இடுக்குக்குத் திரும்பி விடும். அங்கேயே முட்டையிடும். வெப்ப காலத்தில் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஏழெட்டு நாளில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். குளிர்ந்த இடத்தில் பல மாதம் இரத்தமே இல்லாமலும் உயிர் வைத்திருக்கும். கூட்டைச் சில நாள் காலியாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பது பிசகு.

கூட்டில் உறங்கும் கோழிக்கு இரவில் மட்டும் தொல்லை. அடைக்கோழியோ இரவும் பகலும் ஒரே இடத்தில் இருட்டில் உட்கார்ந்திருப்பது. அதற்கு ஓய்வே இல்லை. கொண்டை வெளுத்து, இரத்தம் குன்றி, உயிர் பிழைக்க எழுந்து ஓடுகிறது. கண்ணேறுமில்லை, கழிப்புமில்லை. நான் செய்ததோ, திருடன் கொல்லையில் பதுங்கியிருக்க, களவு கொடுத்தவனைக் கட்டி வைத்து அடித்த கதை!

ஆகவே வைத்தியம் முதலில் கூட்டுக்கு. அதன் முறை இது:

முதல் நாள் காலையில் கோழிகளை வேறிடத்தில் பஞ்சாரத்தில் அடைத்து விடுங்கள். கூட்டிலுள்ள வைக்கோல், எச்சம், பழைய சாக்கு யாவற்றையும் வாரி, ஓலை வீடுகளுக்கு எட்டத்தில் கொண்டுபோய்க் கொளுத்துங்கள். கழிகளைக் கழற்றி, எல்லா இடுக்குகளிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுங்கள். பிறகு சோப்புக் கரைத்த நீரில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து இடுக்குகளில் பூசுங்கள். வெயிலில் காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது நம் பக்கத்துப் பழைய தொழில். அந்தச் சுண்ணாம்பு இடுக்குகளை அடைத்து, திருடனுக்கு வீடில்லாமல் செய்யும். கண்ணில் தெறிக்காமல் ஜாக்கிரதை வேண்டும்; நன்றாக உலர்ந்த பிறகே கோழியை விட வேண்டும்.

இத்துடன் நிறுத்தினால் பயனில்லை. தப்பிய முட்டைகள் பொரிந்து வரும். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் இதையே திரும்பச் செய்யுங்கள். பாட்டு முறை தெரிந்த குப்பத்தாருக்கு முறை தவறாமல் இருப்பதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

உட்காரும் கழி ஒன்றே ஒன்றாக, வழவழப்பாக, சுவரைத் தொடாமல் இருக்கட்டும். அதைத் தாங்கும் கால்களை எண்ணெய் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையில் நிறுத்தினால் செள் ஏற முடியாது. பழைய வலைக் கயிற்றால் கூட்டைக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்; ஒவ்வொரு முடிச்சும் செள்ளுக்கு ஒரு சத்திரம். நிழலில் ஒரு குழியில் உலர்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால், கோழி தானே புரண்டு உடம்பைச் சுத்தம் செய்து கொள்ளும்.

வேறு இரண்டு உறவினரையும் தெரிந்து வைத்துக் கொள்வது நலம். வெப்ப நாடுகளில் காணும் இன்னொரு செள், பகலிலும் கோழியின் மேலேயே குடியிருப்பது. வால் அடியிலுள்ள இறகைப் பிரித்துப் பார்த்தால் அழுக்குப் பிடித்துக் கறுத்திருக்கும். அதற்குக் கூட்டோடு கோழிக்கும் மருந்து வேண்டும்; அந்த மருந்தையும் அளவையும் கால்நடை வைத்தியரே சொல்லட்டும், என்னைப் போன்ற உபாத்தியாயர்கள் சொல்ல வேண்டாம். மற்றொன்று, காலிலுள்ள செதிளுக்கு அடியில் துளைத்துக் கொண்டு வாழ்வது. கால் தடித்துச் சொரசொரப்பாகும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊற வைத்து மெதுவாகத் துடைத்து, தேங்காயெண்ணெயை நாள் தவறாமல் பூசி வந்தால் குணமாகும். செதிளைப் பிய்க்கக் கூடாது, மண்ணெண்ணெய் கூடாது.

விஷப் பொடியைக் கண்டு நான் ஏன் இப்படி நடுங்குகிறேன் என்று கேட்கலாம். பழவேற்காட்டில் 1613-இல் ஜெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரின் கல்லறைகளை இன்றும் நாம் காண்கிறோம். அவர்களுடைய தேசத்தில் 2017-ஆம் ஆண்டு நடந்தது இது. அங்கே பெரிய பெரிய கோழிப் பண்ணைகளை இதே செள் பிடித்தது. ஃபிப்ரோனில் என்ற மருந்தைக் கோழிப் பண்ணையில் உபயோகிக்க அங்கே அனுமதியில்லை. நாயின் உடம்பிலுள்ள பூச்சியைக் கொல்ல வழங்குவது அது. அதைக் கள்ளத்தனமாகக் கலந்து பண்ணைகளில் தெளித்தார்கள். மருந்து முட்டைக்குள் போய்விட்டது. லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள். பல தேசத்துக் கடைகளிலிருந்து முட்டை திரும்பி வந்தது. அங்கே பரிசோதனைச் சாலை இருந்தது, கண்டுபிடித்தார்கள். நம் குப்பத்து முட்டையை யார் பரிசோதிக்கிறார்கள்? நம் குழந்தையின் வயிறுதான்.

நான் கொன்ற கோழிக்கு ஈடாக ஒரு விடைக்கோழி வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாள் முதலில் மறுத்து, பிறகு வாங்கிக் கொண்டாள். மூன்று முறை சுண்ணாம்பும் வெந்நீரும் கண்ட அந்தக் கூட்டில் அவளுடைய வேறொரு கோழி அடைக்கு உட்கார்ந்தது. இருபத்தொரு நாளும் எழவில்லை. பத்து முட்டையில் எட்டுக் குஞ்சு. பெண்ணின் கைத் தடிப்பும் மறைந்தது. கணக்கில் அவள் முன்னேறினாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது செள்ளின் குற்றமல்ல என்று இப்பொழுது தெரிகிறது.

கோழி வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். இன்று இரவு சாப்பாடு ஆனதும் ஒரு விளக்கை எடுத்துக் கொண்டு கூட்டண்டை போங்கள். கழியின் முனையை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். சிவந்தால், நாளைக் காலையில் அடுப்பில் முதலில் ஏற வேண்டியது காப்பிக்கு வெந்நீர் அல்ல, கூட்டுக்கு வெந்நீர்.