புனித மார்கரீத் ஆங்கிலம் பேசினாரா?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைத் திருப்பலியின் தொடக்கத்தில், மறைந்த மார்கரெட் என்பவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக அன்றைய திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். நமக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டியர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "யாருடி அது? நம்ம பங்குல அப்பிடி ஒருத்தி இருந்தாளா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் உதட்டைப் பிதுக்கினார். திருப்பலி முடிந்து வாசலில் நினைவு அட்டை கைக்கு வந்த பிறகுதான், படத்தைப் பார்த்து இருவருக்கும் கண் கலங்கியது. அது ரீத்தம்மாள். பல்லாண்டுகளாகச் சனிக்கிழமை மாலைதோறும் பீடத்துக்குப் பூக்கட்டிக் கொடுத்த ரீத்தம்மாள். அவருக்காக மன்றாட வேண்டிய நேரத்தில், அவருடைய தோழியரே அவரை அறியாமல் அமர்ந்திருந்தனர்.

பெயரனிடம் கேட்டோம். படித்த பிள்ளை, பணிவாகவே விடை சொன்னார். "ஐயா, ரீத்தம்மாள் என்பது அந்தக் காலத்தில் படிக்காதவர்கள் வாய்க்கு வந்தபடி சொன்னது. பதிவேட்டில் மார்கரீத்தம்மாள் என்று இருக்கிறது. சரியான பெயர் மார்கரெட்தானே?"

இந்தச் 'சரியான' என்ற ஒற்றைச் சொல்லோடுதான் நமக்கு வழக்கு. அந்த இளைஞரோடு அன்று. அவர் நம்மிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டார். திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வரும் பெற்றோரிடம், 'பாட்டி பெயர் வேண்டாம், நாகரிகமாக ஒன்று சொல்லுங்கள்' என்று புருவம் நெரிக்கும் ஞானத்தாய்மாரும், பள்ளிச் சேர்க்கையின்போது 'அம்மாள்' என்பதை வெட்டியெறியும் எழுத்தர்களும், அதைக் கண்டு மகிழும் நாமும் சேர்ந்து வளர்த்த எண்ணம் இது. புனிதர்களுக்குச் 'சரியான' பெயர் ஒன்று உண்டு. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் முன்னோர் அதைச் சிதைத்துவிட்டனர் என்பதே அந்த எண்ணம். இதைவிடப் பெரிய அறியாமை வேறில்லை என்பது நம் துணிபு.

மார்கரெட் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? கிரேக்க மொழியில் 'மார்கரித்தேஸ்' என்றால் முத்து. இலத்தீனில் 'மார்கரீத்தா'. நல்முத்தைத் தேடிச் சென்று, தனக்குள்ளதையெல்லாம் விற்று அதை வாங்கிய வணிகனின் உவமையை மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் நாம் அறிவோம். அந்த முத்து கிரேக்க மூலத்திலும் இலத்தீன் விவிலியத்திலும் இதே சொல்தான். இலத்தீனில் நற்செய்தி கேட்ட மக்களுக்கு அது பெயராகவும் பொருளாகவும் ஒருங்கே ஒலித்தது. ஆங்கிலத்தில் 'மார்கரெட்' என்று சொல்லும்போது எவர் காதிலும் முத்து ஒலிப்பதில்லை. அவ்வளவு தேய்ந்து வந்து சேர்ந்த வடிவம் அது. அதுவும் நேராக வரவில்லை, பிரெஞ்சு வழியாக வந்தது.

கிரேக்கருக்கே இச்சொல் சொந்தமா என்றால் அதுவும் இல்லை. கீழ்த்திசை மொழியொன்றிலிருந்து அவர்கள் இரவல் பெற்றது என்பதே அறிஞர் கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அர்ரியன், இந்தியாவைப் பற்றிய தம் நூலில் ஒரு கதை சொல்கிறார். எராக்கிளீசு என்னும் வீரன் கடலில் முத்தைக் கண்டெடுத்து, தன் மகளை அணிசெய்வதற்காக எல்லாக் கடல்களிலிருந்தும் அதைத் திரட்டினானாம். அந்தக் கடல்முத்துக்கு இந்தியர் மொழியிலேயே 'மார்கரித்தேஸ்' என்று பெயர் என்கிறார் அவர். மகளின் பெயர் பண்டையா. பாண்டிய நாட்டின் நிழல் இக்கதையில் விழுந்திருப்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். இதைப் பிடித்துக்கொண்டு மார்கரெட் தமிழ்ப்பெயர் என்று எவரும் துள்ளிக் குதிக்க வேண்டா. மூலச்சொல் பாரசீகம் சார்ந்ததாகவோ வடஇந்திய மொழி சார்ந்ததாகவோ இருக்கலாம் என்றுதான் கருதப்படுகிறது. நாம் சொல்ல வருவது வேறு. முத்துக்குளித்துறை என்றே பெயர்பெற்ற கரையில், 1530களில் திருமுழுக்குப் பெற்ற மக்களின் வழிவந்தவர்கள் நாம். முத்தெடுத்த கடற்கரையில் 'முத்து' என்னும் பெயரை வைத்துக்கொண்டு, அதை எப்படி ஒலிப்பது என்று மேல்நாட்டாரைக் கேட்டு நிற்கிறோம்.

சரி, மேல்நாட்டார் என்ன செய்தார்கள்? ஒரு நாட்டாராவது இப்பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்களா? இத்தாலியர் மார்கெரீத்தா என்றனர். போர்த்துகீசியர் மார்கரீதா என்றனர். செக்கு மக்கள் மார்கேத்தா ஆக்கினர். அங்கேரியர் மார்கித் என்று குறுக்கினர். வேல்சு மொழியினர் மார்கெத் என்றதோடு நில்லாமல் மெரெரித் என்றும் உருட்டினர். போலந்து மக்கள் செய்ததைக் கேட்டால் நம் ஊர் மூதாட்டியர் பெருமைப்படுவார்கள். முதல் ரகரத்தை லகரமாக்கி, அந்த லகரத்தையும் காலப்போக்கில் வகர ஒலியாகக் கரைத்து, 'மவ்கொஜாத்தா' என்று நிறுத்தினர். கத்தோலிக்கப் பற்றில் போலந்தை விஞ்சும் நாடுகள் மிகச் சில. அங்கே எந்தப் பெயரனும் தன் பாட்டியின் நினைவு அட்டையில் மவ்கொஜாத்தாவை அடித்துவிட்டு மார்கரெட் என்று திருத்துவான் என நாம் நம்பவில்லை.

செருமானியர் முன்பாதியை வெட்டியெறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். கிரேத்த, கிரெத்சன், கிரேத்தெல் எல்லாம் அவ்வாறு பிறந்தவையே. கோத்தே தம் பெருநாடகமான பவுசுத்தில் பேதைப் பெண்ணுக்கு இட்ட பெயர் கிரெத்சன்; கிரிம் சகோதரர் தொகுத்த கதையில் காட்டில் வழிதவறிய சிறுமி கிரேத்தெல். அடுப்படியிலும் தொட்டிலருகிலும் வழங்கிய செல்லப் பெயர்களுக்கு அந்நாட்டு இலக்கியம் இடம் கொடுத்தது. டென்மார்க்கில் மார்க்ரேத என்ற பெயரோடு ஓர் அரசி 52 ஆண்டுகள் ஆண்டு 2024இல் முடிதுறந்தார். அதே பெயரை அந்நாட்டு உழவர் வீடுகள் 'மெத்த' என்று நறுக்கி வைத்திருக்கின்றன. இரண்டும் அங்கே மதிப்புக்குரியவை.

ஆங்கிலேயரையும் விட்டுவிட வேண்டா. மார்கரெட்டை மெக் ஆக்கி, மெக்கைப் பெக் ஆக்கி, பெக்கைப் பெக்கி ஆக்கினர். மகரம் எப்படிப் பகரமாயிற்று என்று கேட்டால் விடை எளிது: மேரியை மோலியாக்கி, மோலியைப் போலியாக்கிய அதே நாக்கு! பிரெஞ்சில் மார்கெரித் என்பது ஒரு வெண்பூவுக்கும் பெயராதலால், அப்பூவின் ஆங்கிலப் பெயரான டெய்சியையும் மார்கரெட்டுகளுக்குச் சூட்டினர். அயர்லாந்தில் 'பெக்' என்னும் வடிவம் எழுத்திலும் நிலைத்தது. பிளாசுகெட் தீவில் வாழ்ந்த கதைசொல்லி பெக் சேயர்சு 1936இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்கு அப்பெயரே தலைப்பு. பெக்கி நாகரிகம், ரீத்தம்மாள் பட்டிக்காடு என்பதற்கு எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது?

இனி ரீத்தம்மாள் என்பதற்கே வருவோம். அது யாரோ படிக்காதவர் வாய்தவறிச் சொன்னதன்று. இத்தாலியின் காசியா நகரத் துறவியான புனித ரீத்தாவின் திருமுழுக்குப் பெயர் மார்கெரீத்தா. 1457இல் இறந்த அவரைத் திருச்சபை 1900இல் புனிதராக அறிவித்தபோது, இத்தாலியத் தாய்மார் வழங்கிய அந்த வாலெழுத்துப் பெயரையே பீடத்தில் ஏற்றிவைத்தது. உரோமைக்குக் குறுக்கமாகப் படாத ஒன்று நம் பெயரனுக்குக் குறையாகப்பட்டது.

நம் முன்னோர் அதனோடு சேர்த்தது 'அம்மாள்' மட்டுமே. நாம் உடனே உதறுவதும் அதைத்தான். ஐரோப்பிய மொழிகள் இப்பெயரைச் சுருக்கின, உருட்டின, கொஞ்சின. தமிழோ மதித்தது. தொட்டியருகே பத்து நாள் குழந்தையை ஏந்திக்கொண்டு 'மார்கரீத்தம்மாள்' என்று பெயர் சொன்ன அந்த ஏழை எளியோர், பச்சிளம் பிள்ளையைத் தாயென்று விளித்தனர். இந்தப் பெருந்தன்மைக்கு ஈடு எந்த மேல்நாட்டு வடிவத்தில் உண்டு?

இப்பெயருக்கு முதல் உரிமையுடைய அந்தியோக்கியா நகர மார்கரீத்தைப் பற்றியும் ஒரு சொல். பறவைநாகம் விழுங்க, சிலுவையால் அதன் வயிறு பிளந்து வெளிவந்தார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. வரலாற்றுச் சான்று போதாமையால் அவரது திருநாள் 1969இல் பொது நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. கீழைத் திருச்சபையினரோ இன்றும் அவரை வணங்குகின்றனர். ஆனால் மரீனா என்ற பெயரில். அவர் பிறந்த திசையிலேயே அவர் மார்கரெட் அல்லர். 'மூலப் பெயர்' தேடிப் புறப்படுபவர்கள் இந்த வாசலில் சற்று நின்று போகட்டும்.

பிரெஞ்சு நாட்டுக் கன்னி புனித ஜோன் ஆர்க், இந்த மார்கரீத்தின் குரலைக் கேட்டதாகச் சொன்னவர். 1431இல் ரூவான் நகரில் அவரை விசாரித்தவர்கள், புனித மார்கரீத் ஆங்கிலம் பேசினாரா என்று கேட்டனர். ஆங்கிலேயர் பக்கம் இல்லாதவர் எதற்காக ஆங்கிலம் பேசப்போகிறார் என்பது அப்பெண் திருப்பிக் கேட்ட கேள்வி. எழுத்தறியாத சிற்றூர்ப் பெண் அவர். எதிரே மெத்தப் படித்த இறையியலார். அக்கேள்விக்கு அவர்களிடமிருந்து என்ன விடை வந்திருக்க முடியும்? சில மாதங்களில் அவரை எரித்தனர். விசாரணைக் குறிப்பில் மட்டும் அது இன்றும் இருக்கிறது.

ஆங்கில வடிவத்தை இகழ்வதாக எவரும் எண்ண வேண்டா. யார்க் நகரத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்ரோ, குருக்களுக்குத் தம் வீட்டில் மறைவிடம் தந்தமைக்காக 1586இல் பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அந்த மார்கரெட் நமக்கும் புனிதர். டான்யூப் ஆற்றுத் தீவில் தவமிருந்த அரசமகள் மார்கித்தும், திரு இருதய பக்தியை நம் வீடுகள்வரை கொண்டுவந்த மார்கரீத் மரியம்மாளும் அவ்வாறே. இவர்களெல்லாரும் தத்தம் ஊராரின் நாவில் இருந்த வடிவத்தோடுதான் விண்ணகம் சென்றனர்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். புனிதர் பெயர்களே அடிமைத்தளை, தூய தமிழ்ப் பெயர்களே வேண்டும் என்பது அக்குரல். தமிழ்ப் பெயர் சூட்டத் தடை ஏதுமில்லை; கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதே 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 855ஆம் விதி. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றும், யோவானைக் கருணையன் என்றும் பொருள் பெயர்த்தார். சிறியவர் என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றும், மணிமுடி என்று பொருள்படும் ஸ்தேவானை முடியப்பர் என்றும் வழங்கியவர்கள் நம்மவர்களே. பின்லாந்தில் முத்தைக் குறிக்கும் 'எல்மி' பெண்பெயராக வழங்குவது போல, நாமும் முத்தம்மாள் என்று தாராளமாக வைக்கலாம். ஆனால் ரீத்தம்மாளை அந்நியப் பெயர் என்று தள்ளுவோர், அதைத் தம் வாயால் செதுக்கி உரிமையாக்கிக்கொண்ட நம் பாட்டிமாரின் உழைப்பைக் காணவில்லை. எந்த இத்தாலியருக்கு அப்பெயர் விளங்கும்? அது இப்போது நம்முடையது.

கடவுச்சீட்டிலும் வங்கியேட்டிலும் பெயர்கள் ஒத்துவர வேண்டிய தொல்லையை நாம் அறியாதவரல்லர். அங்கே எழுத்துக்கு எழுத்து காப்பது கடமை. நினைவு அட்டைக்கும் கல்லறைக்கும் எந்த அலுவலரும் ஒப்பமிட வருவதில்லையே.

கல்லறைக் கல் இன்னும் நாட்டப்படவில்லை என்று பெயரன் சொன்னார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறாராம் கல் வெட்டுபவர். எண்ணிப் பார்த்தோம். மார்கரெட் ஐந்தெழுத்து, ரீத்தம்மாள் ஆறெழுத்து. அந்த ஆறாம் எழுத்தின் கூலியை நாம் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.