வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்!

“11 மணி நேரம்தாம்மா! ரெண்டு வேளை சாப்பாடு, ஒரு தூக்கம்... லண்டன் வந்துடும்!”

பிரசவத்துக்கோ பேரனைப் பார்த்துக்கொள்ளவோ அழைக்கும் பிள்ளைகள் போனில் இப்படித்தான் சொல்வார்கள். பொய்யில்லை. சென்னையிலிருந்து லண்டன் வான்வழியில் சுமார் 8,200 கி.மீ. நேரடி விமானம் ஏறக்குறைய 11 மணி நேரத்தில் போய்விடும். ஆனால், அது விமானத்தின் கணக்கு. உங்கள் உடம்பின் கணக்கு கம்பத்தில், வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது!

கூட்டித்தான் பாருங்களேன். கம்பத்திலிருந்து தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரை விமான நிலையம் சுமார் 120 கி.மீ. காரில் 3 மணி நேரம். அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி. சென்னைக்குப் பறக்க ஒன்றேகால் மணி. சென்னையில் சோதனை, காத்திருப்பு என்று 4 மணி. பிறகுதான் அந்த 11. லண்டனில் பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, வீடு போய்ச் சேர இன்னும் 3 மணி. ஆக, ஏறக்குறைய ஒரு முழு நாள்! அதில் பெரும்பகுதி காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்தே கழிகிறது.

இதில்தான் ஆபத்து. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்ல, கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். அதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் இப்படி நேர்கிறது. ஆனால், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பே ரத்தக் கட்டி வந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று... விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான். இதய, நுரையீரல் நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

நம்ம ஊர்ப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. “வழியில பாத்ரூம் போக முடியாது” என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்!

டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: விலையையும் பறக்கும் நேரத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். அப்பா, அம்மாவை ஒரே மூச்சில் ஓட வைக்காமல், சென்னையில் ஒரு ராத்திரி தங்க வையுங்கள். 2023 ஜூன் முதல் போடியிலிருந்து தேனி வழியாகச் சென்னைக்கு ரயில் விட்டிருக்கிறார்கள். அதில் படுத்துக்கொண்டே வரலாமே! விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியும் முன்பே சொல்லி வையுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

பெரியவர்களே! உசிலம்பட்டியில் காரை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். விமானத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள், நேர மாற்றத்துக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நீங்களாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ள வேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, சில வாரம் கழித்துக்கூட, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, “அலுப்பு” என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேரனைத் தூக்கிக் கொஞ்சத் தெம்போடு போய் இறங்க வேண்டாமா?